கம்ப்யூட்டருக்கும் துபாஷி வேண்டும்

மும்பை லேமிங்டன் ரோட்டிலும், டில்லி நேரு பிளேசிலும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் பழைய லேப்டாப்புகள் விற்பனைக்கு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். புதியது வாங்க வசதி இல்லாதவர்கள் அங்கேதான் போகிறார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை எண்ணிக் கொடுத்து, மகளின் படிப்புக்காக ஒரு குமாஸ்தா பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வருகிறார் என்று வைத்துக் கொள்ளலாம். தெரிந்த பையன் ஒருவன், விலை கொடுத்து வாங்க வேண்டாத இயங்குதளம் ஒன்றை அதில் ஏற்றிக் கொடுக்கிறான்.

திறந்தால் திரை தெரிகிறது. எழுத்துக்களைத் தட்டினால் விழுகின்றன. ஆனால் வைஃபை வரவில்லை. வீட்டில் இருக்கும் பிரிண்டரும் அசையவில்லை. என்ன காரணம் என்று கேட்டால், "டிரைவர் இல்லை" என்று ஒரே பதில்தான் வருகிறது.

பொருள் பழுதாகவில்லை. கம்பி அறுந்து போகவில்லை. நல்ல நிலையில் இருக்கும் சாமான் ஊமையாகக் கிடக்கிறது. இது யார் குற்றம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் உழைக்கும் ஒரு கூட்டத்தாரின் கதையும், கதவைப் பூட்டி வைத்திருக்கும் கம்பெனிகளின் கதையும் வெளியே வருகின்றன.

நடுவில் நிற்கும் ஆள்

கம்ப்யூட்டர் துறையில் டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் அல்ல. துபாஷி வேலை பார்க்கும் ஒரு புரோகிராமுக்கு அந்தப் பெயர்.

வெள்ளைக்காரர்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் துணி வியாபாரம் செய்த காலத்தில், அவர்கள் பேச்சு நெசவாளிக்குத் தெரியாது. நெசவாளி பேச்சு அவர்களுக்குத் தெரியாது. நடுவில் நின்று இரு பக்கத்துக்கும் பேசியவர் துபாஷி. புதுச்சேரி கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இன்றும் சரித்திர ஆசிரியர்களுக்குப் பொக்கிஷம்.

அவ்வளவு தூரம் பின்னால் போகவும் வேண்டாம். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவரை, இந்தியும் மராத்தியும் தெரிந்த பக்கத்து அறைக்காரர் பாங்கிக்கும் ரேஷன் ஆபீசுக்கும் அழைத்துப் போவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பலர் தாங்களே அப்படி அழைத்துப் போனவர்களாக இருப்பார்கள். வந்தவரிடம் தொழில் இருக்கிறது. எதிரே இருப்பவரிடம் வேலை இருக்கிறது. நடுவில் பேச ஆள் இல்லாவிட்டால் இரண்டும் வீண்.

கம்ப்யூட்டரிலும் இதே நிலைதான். திரை, ஒலிப்பெட்டி, வைஃபை அட்டை, பிரிண்டர் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பேச்சு பேசும். எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் மேலாளருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ் என்பவை இயங்குதளங்கள். மேலாளருக்கு எல்லா உறுப்புகளின் பேச்சும் தெரியாது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு துபாஷியை வைத்துக்கொண்டுதான் வேலை நடத்துகிறார். அந்தத் துபாஷிதான் டிரைவர்.

எண்களில் நடக்கும் பேச்சு

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரும்பாலான உறுப்புகளுக்கு அடையாள எண்கள் உண்டு. தயாரித்த கம்பெனிக்கு ஓர் எண். சாமானுக்கு ஓர் எண். இன்டெல் கம்பெனியின் எண் 8086. அந்தக் கம்பெனி 1978-ம் ஆண்டில் வெளியிட்ட புகழ் பெற்ற சிப்பின் பெயரும் அதுவே. கம்ப்யூட்டரை முடுக்கியதும் இயங்குதளம் இந்த எண்களைக் கேட்டு வாங்கி, இன்னாருடன் பேசத் தெரிந்த டிரைவர் யார் என்று தேடுகிறது. கிடைத்தால் வேலை நடக்கும். கிடைக்காவிட்டால் அந்த உறுப்பு இருந்தும் இல்லாத கணக்குதான்.

பேச்சு என்பதும் எண்களால் நடப்பதுதான். ஒரு வைஃபை சிப்புக்குள் 'ரிஜிஸ்டர்' எனப்படும் சிறு சிறு அறைகள் ஏராளமாக உள்ளன. இன்ன அறையில் இன்ன எண்ணைப் போட்டால் ரேடியோ விழிக்கும். வேறோர் அறையில் வேறோர் எண்ணைப் போட்டால் அலைவரிசை மாறும். செய்தி வந்து சேர்ந்ததும் சிப் மணியடித்துக் கூப்பிடும். மணி அடித்தும் உரிய நேரத்தில் போய் எடுக்காவிட்டால் செய்திகள் தவறிப் போகும். எந்த அறைக்கு என்ன பொருள், எதற்குப் பின் எது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் தயாரித்த கம்பெனிக்குத் தெரியும். அது வாய் திறந்தால்தான் மற்றவருக்குத் தெரியும்.

விண்டோஸுக்கு இந்தக் கவலை குறைவு. வாங்குகிறவர் கூட்டம் அங்கே இருப்பதால் கம்பெனிகள் தாங்களே டிரைவர் எழுதிக் கொடுத்து விடுகின்றன. லினக்ஸும் இன்று பெரிய வீடு. அதன் கருப்பகுதி மூன்று கோடி வரிகளைத் தாண்டி விட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். இதிலிருந்தே இந்த வேலையின் பாரம் எத்தகையது என்பது விளங்கும். ஆள் பலம் இல்லாத சின்ன வீடுகள் என்ன செய்யும்?

சின்ன வீட்டின் பாடு

ஹைக்கு என்று ஓர் இயங்குதளம் இருக்கிறது. ஜப்பானியக் குறுங்கவிதையின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. அதன் வரலாறு ஒரு கம்பெனியின் வீழ்ச்சியில் தொடங்குகிறது. ஆப்பிள் கம்பெனியில் உயர்ந்த பதவி வகித்த ஜான் லூயி காஸே, 1990-ல் 'பீ' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதன் இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்கள் அதன் வேகத்தை மெச்சினார்கள். ஆனால் வியாபாரம் ஓடவில்லை. 2001-ல் சொத்துக்கள் பாம் என்ற கம்பெனிக்கு விற்கப்பட்டன. கடை மூடப்பட்டது.

கடை மூடினாலும் வாடிக்கைக்காரர்கள் கலையவில்லை. அதே ஆண்டில், பழைய வீட்டைப் போலவே ஒரு புதிய வீட்டை முதல் செங்கல்லிலிருந்து கட்டுவது என்று சிலர் புறப்பட்டனர். மூல நிரலை, அதாவது புரோகிராம் எழுதப்பட்ட வரிகளை, யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தனர். 2004-ல் ஹைக்கு என்ற பெயர் வந்தது. முதல் முன்னோட்டப் பதிப்பு 2009-ல் வெளிவந்தது. 2024 செப்டம்பரில் ஐந்தாவது 'பீட்டா' பதிப்பு வந்தது. மற்றவர் கைவிட்ட பழைய கம்ப்யூட்டரிலும், 400 மெகாபைட்டுக்கும் குறைவான நினைவகத்திலும் அது ஓடும்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் முழு நேரச் சம்பளக்காரர் என்று சொல்ல வெகு காலம் ஒருவரும் இல்லை. நன்கொடை சேர்ந்த பிறகு 2021-ல்தான் ஒருவரை நீண்ட கால ஒப்பந்தத்தில் அமர்த்த முடிந்தது. மற்றவர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் இதற்கு உழைப்பவர்கள். இவர்களால் உலகத்தில் உள்ள வைஃபை அட்டைகளுக்கெல்லாம் புதிதாக டிரைவர் எழுத முடியுமா? ஒரு ஆயுள் போதாது.

அடுப்பை மாற்றிய கதை

அவர்கள் கண்ட வழி எளியது. ஆனால் யோசிக்கத் தக்கது. ஃப்ரீ பி.எஸ்.டி. என்ற மற்றோர் இயங்குதளம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்த பரம்பரையைச் சேர்ந்தது. அதில் நெட்வொர்க் டிரைவர்கள் நிறைய இருந்தன. அவற்றை எழுதியவர்கள் விதித்த நிபந்தனை மிகச் சிறியது: எடுத்துக்கொள், எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்து, எழுதியவன் பெயரையும் இந்த உரிமக் குறிப்பையும் அழிக்காதே. ஹைக்குக்காரர்கள் அந்த டிரைவர்களை எடுத்து வந்தார்கள்.

எடுத்து வந்தால் மட்டும் போதுமா? காரைக்குடியிலிருந்து ஒரு சமையல்காரரை மும்பைக்கு அழைத்து வந்தால், அவர் "அம்மி எங்கே, உரல் எங்கே, வெங்கலப் பானை எங்கே?" என்று கேட்பார். இங்கே உள்ள சமையலறையில் அவை இல்லை. இரண்டு வழிகள் உண்டு. சமையல்காரருக்கு இந்த ஊர் முறையைப் புதிதாகக் கற்றுக் கொடுக்கலாம். அல்லது அவர் கேட்கும் பெயரில் அவர் கேட்கும் சாமான்களைச் சமையலறையில் வாங்கி வைத்து விடலாம். இரண்டாவது வழியில் ஒருமுறை செலவு செய்தால், அந்த ஊரிலிருந்து எத்தனை சமையல்காரர் வந்தாலும் அதே அடுப்பில் சமைப்பார்கள்.

டிரைவரும் அப்படித்தான் கேட்கும். "கொஞ்சம் நினைவகம் கொடு", "இந்தக் கதவைப் பூட்டு", "சிப் மணியடித்தால் என்னைக் கூப்பிடு", "வந்த செய்தியை மேலே அனுப்பு" என்று அதற்குச் சில கோரிக்கைகள் உண்டு. ஃப்ரீ பி.எஸ்.டி.யில் இவற்றுக்கு ஒரு பெயர். ஹைக்குவில் வேறு பெயர். நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு போட்டார்கள். டிரைவர் பழைய பெயரால் கேட்கும். அடுக்கு அதை ஹைக்குவின் வழக்கத்துக்கு மாற்றிச் செய்து கொடுக்கும். துபாஷிக்கே ஒரு துபாஷி என்று சொல்லலாம்.

இதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. வந்த டிரைவரில் கை வைக்காத வரையில், மூல வீட்டில் அதைத் திருத்தும் போதெல்லாம் திருத்தத்தை அப்படியே இங்கும் எடுத்துக்கொள்ளலாம். கை வைத்து மாற்றி விட்டால், ஒவ்வொரு முறையும் பழைய மாற்றத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டே வருஷத்தில் சலித்துப் போய் விட்டு விடுவார்கள். இந்த முறை வெற்றி பெற்றதால், 2022 டிசம்பரில் வந்த நான்காவது பீட்டா பதிப்பில், ஓபன் பி.எஸ்.டி. என்ற மூன்றாவது வீட்டின் வைஃபை டிரைவர்களுக்கும் ஓர் அடுக்கு போடப்பட்டது. புதிய இன்டெல் அட்டைகள் பல அதனால் பேசத் தொடங்கின.

தொல்லை இல்லாமல் இல்லை. மூல வீட்டில் ஒரு பெயரை மாற்றினால் இங்கே அடுக்கையும் மாற்ற வேண்டும். ஒரு லேப்டாப்பில் நன்றாக ஓடும் டிரைவர் இன்னொன்றில் உறைந்து நிற்கும். எழுதுகிறவரிடம் எல்லா மாடல்களும் இருக்காது. எங்கோ இருக்கும் ஒருவர் தம் லேப்டாப்பில் போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் நின்றது என்று எழுதி அனுப்பினால்தான் பிழை பிடிபடும். எழுதத் தெரியாதவரும் இந்த வேலையில் கை கொடுக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

கொடுப்பவரும் கடன் வாங்கியவரே

ஹைக்குவுக்குக் கொடுக்கும் ஃப்ரீ பி.எஸ்.டி.யும் எல்லாவற்றையும் தானே எழுதிக்கொள்ளவில்லை. திரை ஓட்டும் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் மிகச் சிக்கலானவை. அவற்றை லினக்ஸிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது. இதே அடுக்கு முறைதான். 2022-ல் வந்த அதன் 13.1 பதிப்பில், இன்டெல் கம்பெனி லினக்ஸுக்கு என்று எழுதிய வைஃபை டிரைவரும் அந்த முறையில் சேர்ந்தது.

ஆக, பெரிய வீட்டிலிருந்து நடுத்தர வீட்டுக்கும், அங்கிருந்து சின்ன வீட்டுக்கும் கைமாற்றுப் போகிறது. கைமாற்று வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எடுத்தவருக்கு வெளிச்சம், கொடுத்தவருக்கு நஷ்டம் இல்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதால் முதல் விளக்கு மங்கி விடுவதில்லை அல்லவா?

ஆனால் முதல் விளக்கை யார் ஏற்றுவது? அங்கேதான் கம்பெனிகளின் கதை வருகிறது.

பூட்டிய கதவு

1980-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை நன்கொடையாகக் கொடுத்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். மாடியில் இருப்பவருக்கு அது தெரியாது. இறங்கி வந்து பார்த்தால் ஒன்றும் அச்சாகி இருக்காது. பழைய பிரிண்டரின் புரோகிராமைத் திருத்தி, தாள் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி அங்கிருந்தவர்கள் செய்து வைத்திருந்தார்கள். புதிய பிரிண்டரிலும் அப்படிச் செய்ய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் விரும்பினார். மூல நிரல் கொடுக்கப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விட்டதாக அவர் கையை விரித்து விட்டார். ஸ்டால்மன் 1983-ல் தொடங்கிய சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்கு அந்தப் பிரிண்டரும் ஒரு காரணம் என்று அவரே பல முறை கூறியிருக்கிறார்.

சொந்தமாக வந்த சாமானைத் திருத்திக்கொள்ளச் சொந்தக்காரருக்கு உரிமை இல்லை என்ற அந்த நிலை இன்றும் முற்றாக மாறவில்லை. கம்பெனி பேச மறுத்தால், புரோகிராமர்கள் ஊமையுடன் பழகுவது போல் சிப்புடன் பழகிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் டிரைவர் எந்த அறையில் எந்த எண்ணைப் போடுகிறது என்று ஒளிந்திருந்து பார்ப்பது போலப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கத்தில் எழுதித் தீர்க்கக் கூடிய விவரத்தைக் கண்டுபிடிக்க மாதக் கணக்கில் மனித உழைப்பு வீணாகிறது.

கம்பெனிகள் சொல்லும் சமாதானங்கள் இரண்டு. ஒன்று, தொழில் ரகசியம் போட்டியாளர் கைக்குப் போய்விடும் என்பது. டிரைவர் எழுதுவதற்குச் சிப்பை எப்படிச் செய்வது என்று தெரிய வேண்டாம். அதனுடன் எப்படிப் பேசுவது என்று தெரிந்தால் போதும். வானொலிப் பெட்டியின் குமிழ்களுக்குப் பெயர் எழுதுவதால் வானொலிப் பெட்டி செய்யும் ரகசியம் வெளியாகி விடாது.

இரண்டாவது சமாதானம், வைஃபை என்பது ரேடியோ. அரசுகள் விதித்த அலைவரிசை, சக்தி வரம்புகளை யாராவது மீறி விடுவார்கள் என்பது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அதீரோஸ் என்ற வைஃபை சிப் கம்பெனி 2008-ல் தன் புதிய சிப்புகளுக்கான லினக்ஸ் டிரைவரைத் தானே திறந்து வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அந்தச் சிப் உள்ள லேப்டாப்புகள் இலவச இயங்குதளக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கின.

வற்புறுத்தினால் கதவு திறக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. என்விடியா கம்பெனி கிராஃபிக்ஸ் விஷயத்தில் ஒத்துழைக்கவில்லை என்று, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் கடுமையாக ஏசினார். பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம், அதே கம்பெனி தன் லினக்ஸ் டிரைவரின் கருப்பகுதி நிரலைத் திறந்து விட்டது. பெரும் பகுதி வேலை சிப்புக்குள்ளேயே ஓடும் மூடிய நிரலுக்கு மாற்றப்பட்டிருந்தது என்பதும் உண்மைதான். என்றாலும் முழுக்கப் பூட்டிய கதவுக்குப் பாதி திறந்த கதவு மேல்.

பெயரை அழிக்கலாமா?

கம்பெனிகளை மட்டும் குறை கூறிவிட்டுப் போவது முறையல்ல. இலவசமாக உழைப்பவர்களுக்குள்ளேயும் தகராறு வந்தது உண்டு. 2007-ம் ஆண்டு அப்படிப்பட்ட இரண்டு வழக்குகளைக் கண்டது.

பிராட்காம் கம்பெனியின் வைஃபை சிப்புக்கு விவரம் கிடைக்கவில்லை. ஒரு குழு பழைய டிரைவரைப் பிரித்துப் பார்த்து விவரம் எழுதியது. அந்த விவரத்தை மட்டும் படித்து வேறொரு குழு லினக்ஸுக்கு டிரைவர் எழுதியது. பார்த்தவர் எழுதவில்லை, எழுதியவர் பார்க்கவில்லை என்று கோர்ட்டிலும் நிற்கக் கூடிய கண்ணியமான முறை அது. அந்த டிரைவரின் சில பகுதிகளை ஓபன் பி.எஸ்.டி.யைச் சேர்ந்த ஒருவர், லினக்ஸின் உரிம நிபந்தனைக்கு மாறாகத் தம் வேலையில் சேர்த்து விட்டார். லினக்ஸுக்கு உள்ள நிபந்தனை வேறு: எடுத்துக்கொண்டால் நீயும் அதே நிபந்தனையில் திறந்து வைக்க வேண்டும். பகிரங்கமாகக் கண்டனம் எழுந்தது. ஓபன் பி.எஸ்.டி.யிலிருந்து அந்த டிரைவர் நீக்கப்பட்டது.

அதே ஆண்டில் காட்சி தலைகீழாக மாறியது. அதீரோஸ் கம்பெனியின் பழைய சிப்புகளுக்கு ஓபன் பி.எஸ்.டி.யைச் சேர்ந்த ஒருவர் கஷ்டப்பட்டு டிரைவர் எழுதியிருந்தார். அதை லினக்ஸுக்குக் கொண்டுபோன சிலர், அவர் வைத்த உரிமக் குறிப்பை எடுத்து விட்டுத் தங்கள் உரிமத்தைப் போடும் திருத்தத்தை அனுப்பினார்கள். இப்போது இந்தப் பக்கம் கொதித்தது. வக்கீல்கள் தலையிட வேண்டியதாயிற்று. கடைசியில் அந்த டிரைவர் லினக்ஸில் சேர்ந்த போது எழுதியவர் பெயரும் அவர் வைத்த குறிப்பும் உரிய இடத்தில் இருந்தன.

இரண்டு பக்கமும் ஒரு முறை தவறியது. கூலி வாங்காமல் உழைத்தவருக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டால் அடுத்த முறை யார் உழைக்க வருவார்கள்? எழுதித் தயாரித்த குறிப்பில் வேறொருவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பும் போது மனம் என்ன பாடுபடும் என்பதை ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு பேருக்காக இவ்வளவு பாடா?

ஹைக்கு போன்றவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் சொற்பம்; அவர்களுக்காக ஏன் இத்தனை உழைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். நாளைக்கே ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஹைக்குவை ஏற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அது இன்னும் பீட்டா நிலையைத் தாண்டாத இயங்குதளம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு டிரைவரைப் புதிய இடத்தில் ஓட்டிப் பார்க்கும் போதுதான், பழைய இடத்தில் தற்செயலாக மறைந்திருந்த பிழைகள் வெளியே வரும். சின்ன வீட்டில் கண்டுபிடித்த பிழையைத் திருத்தி அனுப்பினால் பெரிய வீட்டுக்கும் லாபம். அதோடு, எந்தப் பெரிய வீடும் ஒரு நாள் சின்ன வீடாக இருந்ததுதான். 1991-ல் லினக்ஸ் ஒரு மாணவரின் பொழுதுபோக்காகத்தான் பிறந்தது.

மேலும், இது பொழுதுபோக்குக்காரர்களின் பிரச்னை மட்டும் அல்ல. 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைப் பிராசஸரும் வேண்டும் என்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இதனால் தகுதி இழந்து விட்டன. அவற்றில் பல லேமிங்டன் ரோட்டுக்கு வரும். அவற்றுக்கு இரண்டாம் வாழ்வு கொடுக்க வேறு இயங்குதளங்கள் இருக்கின்றன. ஆனால் பிரிண்டரும் ஸ்கேனரும் வைஃபையும் பேசினால்தான் அந்த வாழ்வு வாழ்வு. பேசாவிட்டால் அது குப்பை. வாங்கியவர் பணமும் குப்பை.

டெண்டரில் ஒரு வரி

இந்திய அரசுக்கு இதில் பெரிய பொறுப்பு உண்டு. சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் இயங்குதளத்தைச் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் அது பேசும். திறந்த மூல நிரலைப் பயன்படுத்துவது பற்றி மத்திய அரசு 2015-ல் ஒரு கொள்கையையே அறிவித்தது. இவை பாராட்டத் தக்கவை.

ஆனால் கொள்கை டில்லியில் இருக்கிறது. கைரேகைக் கருவி கவுண்டரில் இருக்கிறது. அந்தக் கருவியின் டிரைவர் விண்டோஸுக்கு மட்டும் இருந்தால், அந்தக் கவுண்டரில் பாஸ் எப்படி உட்காரும்? மேலே உட்காரும் இயங்குதளம் சுதேசியாக இருந்து, கீழே உள்ள ஒரு பிரிண்டர் பேச மறுப்பதால் மொத்த ஏற்பாடும் பழைய இடத்துக்குத் திரும்புவதில் யாருக்கு லாபம்?

பரிகாரம் கடினமானது அல்ல. அரசும், பாங்கிகளும், ரயில்வேயும், பல்கலைக்கழகங்களும் சாமான் வாங்க டெண்டர் விடும் போது ஒரு வரி சேர்த்தால் போதும். விற்கப்படும் கருவிக்குத் திறந்த மூல டிரைவர் இருக்க வேண்டும். அல்லது டிரைவர் எழுதப் போதுமான விவரத்தை ரகசிய ஒப்பந்தம் கேட்காமல் வெளியிட வேண்டும். சிப்புக்குள் ஏற்ற வேண்டிய 'ஃபர்ம்வேர்' இருந்தால், அதை எந்த இயங்குதளக்காரரும் தம் பதிப்புடன் சேர்த்துக் கொடுக்க அனுமதி வேண்டும். ஆயிரக் கணக்கில் வாங்கும் கையிலிருந்து இந்த நிபந்தனை வந்தால் எந்தக் கம்பெனியும் காது கொடுக்காமல் இருக்காது. இதற்கு அரசுக்கு ஒரு காசு செலவு இல்லை.

இப்படிச் செய்வதால் கம்பெனிகளுக்கும் நஷ்டம் இல்லை. 2007 ஜனவரியில் லினக்ஸ் புரோகிராமர்கள், விவரம் மட்டும் கொடுங்கள், டிரைவரை இனாமாக எழுதித் தருகிறோம் என்று கம்பெனிகளுக்குப் பகிரங்க அழைப்பே விடுத்தார்கள். இனாமாகத் துபாஷி கிடைக்கும் போது வேண்டாம் என்பது என்ன வியாபாரம்?

வாங்குகிறவர் கையிலும் பலம்

கடைசியாக, வாங்குகிறவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர், விலை பேசும் முன்பு, பென் டிரைவில் போட்ட லினக்ஸ் ஒன்றைக் கடையிலேயே செருகி ஓடச் சொல்லலாம். அதற்கு லேப்டாப்பில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்து விடும். பேசாத சாமானை வேண்டாம் என்று ஒதுக்கத் தொடங்கினால் கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரர் மூலம் கம்பெனிக்கும் தெரியும்.

ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரிய வேண்டும். பிறந்த ஊரில் கற்ற தொழிலை வேறோர் ஊரில் நடத்திப் பிழைப்பவர்கள் அவர்கள். முதல் நாள் அவர்களுக்காகப் பேசிய ஒருவர் எங்கோ இருந்திருப்பார். அவர் கூலி கேட்கவில்லை. ஆனால் அவர் பெயரை இன்றும் மறக்காமல் சொல்கிறவர்கள் பலர். டிரைவர்களை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகிறவர்களும் அந்த வகையினர்தான். அவர்கள் கேட்பது சம்பளம் அல்ல. அந்தச் சாமானுடன் எப்படிப் பேசுவது என்ற விவரத்தைத்தான் கேட்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அதைக் கொடுக்க மறுப்பது எந்த நியாயத்திலும் சேராது.